ஸ்டாக் ஆண்ட்ராய்டா, கம்பெனி ஸ்கினா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் வாங்கும் முன்பும், வாங்கி ஒரு மாதம் ஆன பின்பும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம். மெனு பெயர்கள், போன் ஆங்கிலத்தில் இருக்கும்போது திரையில் தெரிபவை. பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல் இப்படி அப்படி மாறலாம். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

1. ஸ்டாக் ஆண்ட்ராய்டுன்னா என்ன? எல்லா போனும் ஆண்ட்ராய்டுதானே?

அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆண்ட்ராய்டின் மூல நிரலைக் கூகுள் ஏஓஎஸ்பி என்ற பெயரில் வெளியிடுகிறது. பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதை அதிகம் தொடாமல், கூகுள் செயலிகளை மட்டும் ஏற்றிக் கொடுத்தால் பேச்சுவழக்கில் ஸ்டாக் என்கிறோம். முகப்புத் திரை, செட்டிங்ஸ், டயலர் (அழைப்புச் செயலி), கேலரி, பேட்டரி நிர்வாகம் எல்லாவற்றையும் கம்பெனி தன் விருப்பப்படி மாற்றினால் அது ஸ்கின்.

ஸ்கின் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். மேலே போர்த்திய தோல் மட்டும் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் எந்தச் செயலியை எப்போது தூங்க வைப்பது, எது பின்னணியில் ஓடலாம் என்ற உள்விதிகளையும் கம்பெனிகள் மாற்றுகின்றன. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து கிளம்புபவை.

2. அப்போ பிக்சல்ல இருக்கறதுதான் சுத்தமான ஆண்ட்ராய்டா?

இல்லை. பிக்சல் லாஞ்சர் (முகப்புத் திரையை நடத்தும் செயலி), பக்கத்தில் ஒலிக்கும் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி, கேமராவின் தனி நிரல் எல்லாம் ஏஓஎஸ்பியில் கிடையாது. பிக்சலில் இருப்பது கூகுள் கம்பெனியின் ஸ்கின் என்று சொன்னாலும் தப்பில்லை. ஏஓஎஸ்பியை மட்டும் ஒரு போனில் ஏற்றினால் பிளே ஸ்டோர்கூட இருக்காது.

மோட்டோரோலா, நத்திங், லாவா போன்றவை ஸ்டாக்குக்குப் பக்கத்தில் நிற்பவை. ஆனால் விலை குறையக் குறைய அந்தச் சுத்தமும் குறையும். மோட்டோவின் பட்ஜெட் மாடல்களில் பூட்டுத்திரையில் படங்களும் விளம்பரமும் காட்டும் கிளான்ஸும், பரிந்துரைச் செயலிகள் நிறைந்த ஃபோல்டர்களும் வருகின்றன. சுத்தத்தையே விளம்பரம் செய்துவந்த நத்திங்கும் 2025 இறுதியில் லாக் கிளிம்ப்ஸ் என்ற பூட்டுத்திரை வசதியையும், விலை குறைந்த மாடல்களில் மெட்டாவின் செயலிகளையும் கொண்டுவந்தது.

3. எந்தக் கம்பெனிக்கு எந்த ஸ்கின்? பேர் மாறிக்கிட்டே இருக்கு.

சாம்சங்: டச்விஸ் என்று தொடங்கி, சாம்சங் எக்ஸ்பீரியன்ஸ் ஆகி, 2018 நவம்பரில் ஒன் யூஐ என்று அறிவிக்கப்பட்டது. ஒன் யூஐ 6 என்றால் ஆண்ட்ராய்டு 14. ஏழு என்றால் 15. எட்டு என்றால் 16. ஷாவ்மி, ரெட்மி, போகோ: 2010 முதல் எம்ஐயூஐ, 2023 அக்டோபரில் ஹைப்பர்ஓஎஸ். ஒப்போ: கலர்ஓஎஸ். ரியல்மி: 2020 முதல் ரியல்மி யூஐ, அடித்தளம் அதே கலர்ஓஎஸ்தான். விவோ, ஐகூ: ஃபன்டச் ஓஎஸ், இப்போது ஒரிஜின்ஓஎஸ்.

ஒன்பிளஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆக்ஸிஜன்ஓஎஸ் ஸ்டாக் மாதிரியே இருக்கும் என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பி இன்றும் சிலர் வாங்குகிறார்கள். 2021இல் அதன் நிரலைக் கலர்ஓஎஸ்ஸோடு இணைத்துவிட்டார்கள். பெயர் மட்டும்தான் பழசு.

4. கம்பெனிக்காரங்க ஏன் மாத்தணும்? கூகுள் கொடுத்ததை அப்படியே போட வேண்டியதுதானே?

இரண்டு காரணம். ஒன்று, வசதி. இன்று எல்லா ஆண்ட்ராய்டிலும் இருக்கும் பல விஷயங்கள் ஸ்கின்களில்தான் முதலில் வந்தன. திரையை இரண்டாகப் பிரிப்பதைச் சாம்சங் 2012இலேயே கொடுத்தது. கூகுள் 2016இல் ஆண்ட்ராய்டு 7இல்தான் சேர்த்தது. திரைப்பதிவு 2020இல் ஆண்ட்ராய்டு 11இலும், நீள ஸ்கிரீன்ஷாட் 2021இல் ஆண்ட்ராய்டு 12இலும் வந்தன. ஸ்கின் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் அதற்கு முன்பே பழக்கம்.

இரண்டாவது, காசு. குறைந்த விலை போனில் வன்பொருள் லாபம் மிகச் சிறியது. முன்கூட்டி ஏற்றும் செயலிகளுக்கும், பூட்டுத்திரை விளம்பரத்துக்கும், கம்பெனியின் சொந்த ஆப் ஸ்டோருக்கும் கிடைக்கும் வருமானம் அதைச் சரிக்கட்டுகிறது. ஒரே கம்பெனியின் 80,000 ரூபாய் போனில் இல்லாத விளம்பரம் 10,000 ரூபாய் போனில் ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

5. ஸ்டாக்னா வேகம், ஸ்கின்னா ஸ்லோ. சரிதானே?

பாதி சரி. 8 ஜிபி ராமும் வேகமான யூஎஃப்எஸ் 3.1 வகைச் சேமிப்பும் உள்ள போனில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். 4 ஜிபி ராமும் மெதுவான இஎம்எம்சி வகைச் சேமிப்பும் உள்ள போனில் பளிச்சென்று தெரியும். கனமான ஸ்கின்னில் பின்னணிச் சேவைகள் அதிகம். மிச்ச ராமில் வாட்ஸாப்பிலிருந்து கேமராவுக்குப் போய்த் திரும்புவதற்குள் வாட்ஸாப் மறுபடி முதலிலிருந்து திறக்கும்.

கடையில் போனைக் கையில் எடுத்தால் ராமை மட்டும் கேட்காதீர்கள், சேமிப்பு யூஎஃப்எஸ்ஸா இஎம்எம்சியா என்றும் கேளுங்கள். வேகத்தில் ஸ்கின்னைவிட அதற்குப் பங்கு அதிகம்.

6. 128 ஜிபி போன் வாங்கினேன். எதுவும் ஏத்தாமலே 25 ஜிபி காலி. ஸ்கின் தின்னுடுச்சா?

முழுதாக இல்லை. போன் பெட்டியில் போட்டிருக்கும் 128 ஜிபி என்பது 12,800 கோடி பைட். அதையே 1024ஆல் வகுக்கும் கணக்கில் பார்த்தால் 119.2தான் வரும். சில போன்கள் மொத்தம் 128 என்றே காட்டிவிட்டு, இடையிலுள்ள 9 ஜிபியைச் சிஸ்டம் என்ற தலைப்பில் தள்ளிவிடும். 512 ஜிபி போனில் இந்த வித்தியாசம் மட்டுமே 35 ஜிபி. சிஸ்டம் 50, 60 ஜிபி பிடிக்கிறது என்று வரும் படங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

மிச்சம் நிஜமாகவே சிஸ்டம்தான். ஸ்கின் போன்களில் அது ஸ்டாக்கைவிடச் சில ஜிபி கூடுதலாக இருக்கும். 64 ஜிபி போனில் அது பெரிய விஷயம், 256இல் இல்லை.

7. 8 ஜிபி கூட 8 ஜிபி சேர்த்து 16 ஜிபி ராம்னு போட்டிருக்கே?

கூடுதல் 8 ஜிபி ராம் அல்ல, உங்கள் சேமிப்பிலிருந்து வெட்டி எடுத்த இடம். சும்மா கிடக்கும் செயலியின் தரவை அங்கே ஒதுக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுப்பார்கள். உண்மையான ராமோடு ஒப்பிட்டால் அந்த வேகம் பல மடங்கு குறைவு.

சேமிப்பு இஎம்எம்சி என்றால் அணைத்துவிடுவதே நல்லது. யூஎஃப்எஸ் என்றால் 2 அல்லது 4 ஜிபியில் வைத்தால் போதும். சாம்சங்கில் டிவைஸ் கேர் → மெமரி → ராம் பிளஸ். மாற்றினால் போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்.

8. வாட்ஸாப்பைத் திறந்தாத்தான் மெசேஜ் வருது. அலாரம் ஆப்பும் சில நாள் அடிக்கறதில்லை. போன் பழுதா?

பழுதில்லை, ஸ்கின்னின் பேட்டரி நிர்வாகம். எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சாதாரணமாகக் கூகுள் சேவை உள்ள போனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக இணையத்தோடு தொங்கிக்கொண்டிருக்காது. எஃப்சிஎம் என்ற கூகுளின் ஒரே வழியில் செய்தி வரும், போன் அந்தந்தச் செயலியை எழுப்பிவிடும். சீனாவில் கூகுள் சேவை இயங்காது. அங்கே ஒவ்வொரு செயலியும் தானே இணைப்பைப் பிடித்து வைத்து பேட்டரியைக் குடிக்கும். அதை அடக்கத்தான் கம்பெனிகள் கறாரான கொலைவிதிகளை எழுதின. அதே பழக்கம் வெளிநாட்டுப் பதிப்புகளிலும் ஒட்டிக்கொண்டது.

கடைசியாகப் பயன்படுத்திய செயலிகள் திரையில் ஒரு செயலியைத் தள்ளிவிட்டால் ஸ்டாக்கில் அது மூடும், அவ்வளவுதான். சில ஸ்கின்களில் அது ஃபோர்ஸ் ஸ்டாப் செய்ததற்குச் சமம். அந்த நிலையில் உள்ள செயலிக்கு எஃப்சிஎம் செய்தி போகாது. நீங்கள் கையால் திறக்கும்வரை அது செத்தது செத்ததுதான். ஆகவே முதல் வைத்தியம், எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித் துடைக்கும் பழக்கத்தை விடுவது. அதனால் பேட்டரி மிச்சமாவதும் இல்லை.

பிறகு முக்கியமான நாலைந்து செயலிகளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். சாம்சங்: செட்டிங்ஸ் → பேட்டரி → பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் → நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ். ரெட்மி, போகோ: செயலி ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ; அங்கே ஆட்டோஸ்டார்ட் ஆன், பேட்டரி சேவரில் நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ். இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் செய்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் அதிகம். ரியல்மி, ஒப்போ, ஒன்பிளஸ்: ஆப் இன்ஃபோ → பேட்டரி யூசேஜ், அதில் பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டியும் ஆட்டோ லாஞ்சும் ஆன். விவோ: பேட்டரி → பேக்ரவுண்ட் பவர் கன்சம்ப்ஷன் மேனேஜ்மென்ட். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலாரத்துக்கு மட்டும் ஒரு யோசனை: காலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் போனோடு வந்த கடிகாரச் செயலியையே நம்புங்கள். அதை எந்த ஸ்கின்னும் கொல்வதில்லை.

9. செட்டிங்ஸ்லயே விளம்பரம் வருது. எப்படி நிறுத்தறது?

ஷாவ்மி குடும்ப போன்களில் எம்எஸ்ஏ என்ற சிஸ்டம் செயலி விளம்பரங்களைக் கொண்டுவரும். செட்டிங்ஸ் → பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி → ஆத்தரைசேஷன் அண்ட் ரிவோகேஷன் போய் எம்எஸ்ஏவை அணையுங்கள். இணையம் ஆன் ஆகியிருக்க வேண்டும். ரிவோக் பொத்தான் 10 விநாடி எண்ணிய பிறகுதான் அமுக்கவிடும். முடியவில்லை என்று ஒரு செய்தி வந்தால் கவலைப்படாமல் மறுபடி செய்யுங்கள், மூன்று நான்கு முறைகூட ஆகலாம். அதன்பின் செக்யூரிட்டி, ஃபைல் மேனேஜர், தீம்ஸ், டவுன்லோட்ஸ், மியூசிக் ஆகிய ஒவ்வொன்றின் உள் செட்டிங்ஸிலும் ரெகமெண்டேஷன்ஸ் என்று இருப்பதை அணைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் போதும், கால் மணி நேரம் பிடிக்கும்.

ரியல்மியில் அடிஷனல் செட்டிங்ஸ் → கெட் ரெகமெண்டேஷன்ஸ். சாம்சங்கில் வால்பேப்பர் சர்வீசஸ் என்பதை நன் (None) ஆக்கினால் பூட்டுத்திரையில் வரும் கிளான்ஸ் படங்கள் போய்விடும். ரெட்மியில் அதே கிளான்ஸ் வால்பேப்பர் கரோசல் என்ற பெயரில் வரும். இதை நடத்துவது பெங்களூரு கம்பெனியான இன்மொபி குழுமம்.

இத்தனைக்கும் மிஞ்சியதை ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி) வழியாகத் தடுக்கலாம். நெட்வொர்க் செட்டிங்ஸில் அதைத் திறந்து ஆட்கார்ட் போன்ற விளம்பரத் தடுப்புச் சேவையின் முகவரியைப் போட வேண்டும். ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் வைஃபை உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் போனால் அதைத் தற்காலிகமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

10. அன்இன்ஸ்டால் ஆகாத ஆப்பை எப்படி ஒழிக்கறது?

முதலில் ஆப் இன்ஃபோவில் டிஸேபிள் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது போதும். அந்தப் பொத்தானே மங்கலாக இருந்தால் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி உண்டு, ரூட் (போனின் முழு அதிகாரத்தைத் திறப்பது) தேவையில்லை. அபவுட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ஷாவ்மியில் பில்ட் நம்பருக்குப் பதில் ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும். உள்ளே யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளை மாட்டி, போன் திரையில் கேட்கும் அனுமதியைக் கொடுத்தால் கணினியிலிருந்து செயலியை நீக்கலாம்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நீங்கள் நீக்குவது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும். மூலக்கோப்பு சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும், அந்தப் பகுதியை எழுதவோ அழிக்கவோ முடியாது. ஆகவே இடம் பெரிதாக மிச்சமாகாது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வரும். எதை நீக்குகிறோம் என்று தெரியாமல் கைவைக்காதீர்கள். ஷாவ்மியில் ஃபைண்ட் டிவைஸை நீக்கியவர்களின் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அப்டேட்டர் செயலியை நீக்கினால் அப்டேட்டே வராது. நீக்குவதற்குப் பதில் இதே வழியில் டிஸேபிள் மட்டும் செய்தால், தப்பு நேர்ந்தாலும் திருத்துவது சுலபம்.

11. ஸ்டாக் போன்லயும் கூகுள் ஆப் ஏகப்பட்டது இருக்கே, அது மட்டும் குப்பை இல்லையா?

நியாயமான கேள்வி. யூடியூப் மியூசிக்கைத் தொடாதவருக்கு அதுவும் குப்பைதான். இந்த முன்நிறுவல் நிபந்தனைகளை வைத்துத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை கொடுக்க மறுத்த பிறகு, செயலிகளைத் தனித்தனியாக உரிமம் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம் என்று இந்திய விற்பனைக்கு மட்டும் கூகுள் விதியைத் தளர்த்தியது.

நடைமுறையில் கையில் வரும் போனில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இருந்தாலும் இந்தச் செயலிகளை டிஸேபிள் செய்வது எளிது, பூட்டுத்திரையில் வந்து தொல்லை கொடுப்பதும் இல்லை. அந்த அளவில் வித்தியாசம் உண்டு.

12. நாலு வருஷ அப்டேட்னு சொன்னான், எந்த அப்டேட்டைச் சொல்றான்?

அதைத்தான் கேட்க வேண்டும். அப்டேட் என்ற ஒரே சொல்லில் நான்கு விஷயம் இருக்கிறது: ஆண்ட்ராய்டு பதிப்பு, ஸ்கின் பதிப்பு, பாதுகாப்புப் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்), கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். கடைசியானது 2019இல் ஆண்ட்ராய்டு 10ஓடு வந்தது. கம்பெனியைக் கேட்காமல் கூகுளே சில உள்பாகங்களைப் புதுப்பிக்கும். மற்ற மூன்றும் கம்பெனி கையில்.

பெட்டியில் போட்டிருப்பது பதிப்பு ஏற்றமா பேட்சா என்று பிரித்துப் பாருங்கள். பிக்சல் 8க்கும் கேலக்ஸி எஸ்24க்கும் இரண்டுமே 7 ஆண்டு. கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6. மோட்டோ ஜி வரிசையில் பல மாடல்களுக்கு ஒரே ஒரு பதிப்பு ஏற்றமும் 3 ஆண்டுப் பேட்சும்தான். வங்கிச் செயலி வைத்திருப்பவருக்குப் பதிப்பைவிடப் பேட்ச் முக்கியம். அபவுட் போனில் பாதுகாப்புப் பேட்ச் தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழசாக நின்றுவிட்டால் அந்த மாடலைக் கம்பெனி மறந்துவிட்டது என்று அர்த்தம்.

13. கூகுள் வெளியிட்ட அன்னிக்கே நமக்கு ஏன் வரமாட்டேங்குது?

ஆண்ட்ராய்டு 15ஐ எடுத்துக்கொள்வோம். மூல நிரல் 2024 செப்டம்பரில் வெளிவந்தது, பிக்சல்களுக்கு அக்டோபரில் போய்ச்சேர்ந்தது. அதன்மேல் கட்டிய ஒன் யூஐ 7 கேலக்ஸி எஸ்24க்கு 2025 ஏப்ரலில் வந்தது. இடையில் ஏழு மாதம். அதுவும் சாம்சங்கின் விலை உயர்ந்த மாடலுக்கு.

குவால்காம் அல்லது மீடியாடெக் தன் சிப்புக்கான பகுதியைத் தயார் செய்ய வேண்டும், கம்பெனி தன் ஸ்கின்னை அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டும், பிறகு சோதனை. சிப் சார்ந்த பகுதியையும் மேலே உள்ள ஆண்ட்ராய்டையும் பிரிக்கும் ட்ரெபிள் ஏற்பாடு 2017இல் ஆண்ட்ராய்டு 8ஓடு வந்ததிலிருந்து நிலைமை முன்னைவிட மேல். ஆனால் ஸ்கின்னில் எவ்வளவு மாற்றியிருக்கிறார்களோ அவ்வளவு வேலை மிச்சம்.

14. அப்போ ஸ்டாக் போன் வாங்கினா அப்டேட் கவலை இல்லைதானே?

அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை. இந்த வாக்குறுதியோடுதான் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைக் கூகுள் 2014 செப்டம்பரில் இந்தியாவிலேயே தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் போன் கொடுத்தன. பிறகு வந்த நோக்கியா மாடல்களும் ஷாவ்மி மி ஏ1உம் நன்றாகப் போயின. அதே வரிசையில் வந்த மி ஏ3க்கு 2021 புத்தாண்டை ஒட்டிக் கொடுத்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டை ஏற்றியதும் பல போன்கள் உயிர் விட்டன; ஷாவ்மி அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஸ்டாக்காகவே இருந்தாலும் அந்த மாடலுக்கு நிரலைப் பொருத்திச் சோதிப்பவர் கம்பெனிக்காரர்தான்.

ஸ்கின் கனமாக இருந்தும் ஒழுங்காகப் பேட்ச் கொடுக்கும் சாம்சங்கும், ஸ்டாக் மாதிரி இருந்தும் ஒரே பதிப்போடு நிறுத்தும் மாடல்களும் சந்தையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்களைக் கேட்டால் 12வது கேள்வியில் சொன்ன ஆண்டுக் கணக்கை முதலில் பாருங்கள், ஸ்டாக்கா ஸ்கின்னா என்பதை அப்புறம்.

15. பெரிய அப்டேட் போட்டதுல இருந்து போன் சூடு, சார்ஜும் நிக்கல.

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். புதிய பதிப்புக்கு ஏற்ப எல்லாச் செயலிகளையும் போன் மறுபடி தொகுக்கும், படங்களையும் புதிதாக வகைப்படுத்தும். சார்ஜில் மாட்டிச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் இந்த வேலை பெரும்பாலும் நடக்கும். இரண்டு இரவு சார்ஜில் விட்டால் வேகமாக முடியும்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால், சாம்சங்கில் போனை அணைத்து, யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, வால்யூம் அப்பையும் பக்கப் பொத்தானையும் லோகோ வரும்வரை பிடியுங்கள். வரும் மெனுவில் வைப் கேஷ் பார்ட்டிஷன், ரிப்பேர் ஆப்ஸ் என்று இரண்டு உண்டு. இரண்டும் உங்கள் தரவைத் தொடாது. வைப் டேட்டா என்று இன்னொரு வரியும் அதே மெனுவில் இருக்கும். அதை அமுக்கினால் எல்லாம் போச்சு. தொடுதிரை அங்கே வேலை செய்யாது, வால்யூம் பொத்தானால்தான் நகர வேண்டும் என்பதால் நிதானமாகப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

16. கால் ரெக்கார்ட் பண்ணா எதிர்ல இருக்கறவருக்கும் அறிவிப்பு கேக்குது. போனை மாத்தினா சரியாகுமா?

அந்த அறிவிப்பு கூகுள் டயலரின் வேலை. பிளே ஸ்டோர் விதிப்படி, 2022 மே மாதத்திலிருந்து வெளிச் செயலிகள் அக்ஸசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வசதி) வழியாகப் பதிவு செய்யவும் முடியாது. ஆகவே டயலர் யாருடையது என்பதுதான் கணக்கு. சாம்சங்கின் சொந்த டயலரில் இந்தியாவில் அறிவிப்பு இல்லாமல் பதிவாகும். லாவாவும் அப்படிக் கொடுக்கிறது. ஷாவ்மி, ரியல்மி மாடல்களில் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. கடையில் ஒரு அழைப்பு போட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. ஸ்டாக் போனை விரும்பி வாங்குபவர்கள் கடைசியில் வருத்தப்படும் விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம்.

17. சாம்சங்ல இருந்து மோட்டோவுக்கு மாறறேன். என்னென்ன விட்டுப் போகும்?

கூகுள் கணக்கில் இருப்பது வரும், சாம்சங் கணக்கில் இருப்பது வராது. பழைய போனை விற்கும் முன் தொடர்புகள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சாம்சங் கணக்கு அல்லது போன் என்று இருந்தால் கூகுளுக்கு நகர்த்துங்கள். செக்யூர் ஃபோல்டர் என்ற பூட்டிய பெட்டகத்தில் உள்ளதை வெளியே எடுங்கள். சாம்சங் நோட்ஸைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். கால் ரெக்கார்டிங் கோப்புகளைக் கையால் நகலெடுங்கள். ரெட்மியிலிருந்து மாறுபவர்களுக்கு இதே பட்டியலில் எம்ஐ நோட்ஸும், கேலரியின் மறைத்த ஆல்பமும், செகண்ட் ஸ்பேஸும்.

டூயல் மெசஞ்சர் இல்லாமல் இரண்டு வாட்ஸாப் எப்படி என்று பலர் தயங்குகிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து வாட்ஸாப்பே ஒரே செயலியில் இரண்டு கணக்கு தருகிறது. செக்யூர் ஃபோல்டருக்கு ஈடாக ஆண்ட்ராய்டு 15இல் பிரைவேட் ஸ்பேஸ் உண்டு.

18. நோவா மாதிரி லாஞ்சர் போட்டா ஸ்கின் போயிடுமா?

முகப்புத் திரையும் ஐகானும் மாறும், அவ்வளவுதான். செட்டிங்ஸ், அறிவிப்புப் பட்டை, 8வது கேள்வியில் சொன்ன கொலைவிதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். சொல்லப்போனால் சில ஸ்கின்களில் அதே விதிகள் லாஞ்சரையே கொன்றுவிடும். ஹோம் அமுக்கினால் ஒரு நொடி வெற்றுத்திரை தெரிவது அதனால்தான்.

19. கஸ்டம் ரோம் (ROM) போட்டு நானே ஸ்டாக் ஆக்கிக்கலாமா?

முடியும். கஸ்டம் ரோம் என்பது கம்பெனி தந்ததற்குப் பதிலாக வேறொருவர் தயாரித்த ஆண்ட்ராய்டு; லினியேஜ்ஓஎஸ் அதற்குப் பெயர்பெற்றது. ஆனால் ஒரே போன் வைத்திருப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். பூட்லோடரை (போன் எந்த நிரலோடு தொடங்கலாம் என்று காக்கும் பூட்டை) திறந்ததும் போனிலுள்ள எல்லாம் அழியும். ஷாவ்மியில் விண்ணப்பித்து நாள்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். சாம்சங்கில் அதிகாரப்பூர்வமற்ற நிரலை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் ஃப்யூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும். திரும்பப் பழைய நிரலைப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. 2025இல் வந்த ஒன் யூஐ 8இல் பூட்லோடரைத் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது அன்றாடத் தொல்லை. போனின் நிரல் மாற்றப்படாததா என்று கூகுள் பார்க்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாவிட்டால் வங்கி, யூபிஐ செயலிகள் திறக்க மறுக்கலாம். வீடியோ நகல் தடுப்பு ஏற்பாடான வைட்வைன் எல்1இலிருந்து எல்3க்கு இறங்கினால் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத்தான் ஓடும். கம்பெனியின் கேமரா நிரல் போய்விடுவதால் படத்தின் தரமும் இறங்கும். ஷாவ்மியில் இருக்கும் பதிப்பைவிடப் பழைய பதிப்பை ஏற்றினால், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் ஆன்டி ரோல்பேக் போனைச் செங்கல்லாக்கிவிடவும் கூடும். பழைய போன் ஒன்று மேசை டிராயரில் சும்மா கிடக்கிறதென்றால் அதில் தாராளமாக விளையாடுங்கள்.

20. கடையில சீனா பீஸ் விலை கம்மியா இருக்கு, குளோபல் ரோம் ஏத்தித் தர்றோம்னு சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்காதீர்கள். சீனப் பதிப்பில் கூகுள் சேவை பாதிதான் இருக்கும், 8வது கேள்வியின் கொலைவிதிகள் முழு வீச்சில் இருக்கும், இந்திய 4ஜி, 5ஜி அலைவரிசைகளில் சில இல்லாமலும் போகலாம். குளோபல் ரோம் ஏற்றித் தந்தால் பூட்லோடர் திறந்தே இருக்கும், அதனால் 19இல் சொன்ன வங்கிச் செயலித் தொல்லை தொடங்கும். சரி என்று யாராவது அதை மறுபடி பூட்டினால், இந்த நிரல் இந்தப் போனுக்கானது அல்ல என்ற எச்சரிக்கையோடு நின்றுவிடும், அதற்குமேல் திறக்காது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அபவுட் போனில் ஷாவ்மியின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். கடைசியில் வரும் எழுத்துக் கொத்தில் சிஎன் என்றால் சீனா, ஐஎன் என்றால் இந்தியா, எம்ஐ என்றால் குளோபல். போன் ஆன் ஆகும்போது லோகோவுக்கு அருகே திறந்த பூட்டுப் படம் தெரிந்தால் பூட்லோடர் திறந்திருக்கிறது. அந்த நிலையில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் எதையும் மாற்றாதீர்கள், யார் சொன்னாலும் பூட்லோடரைப் பூட்டவும் விடாதீர்கள்.